பீர் கம்பெனி லைன்

ஒன்பது வீட்டுக்கும் ஒரே நாளில், இடத்தை வாங்கிய பில்டரிடமிருந்து நோட்டீஸ் வந்தது. முப்பது நாளில் காலி செய்ய வேண்டும். பெரும்பாக்கத்தில் அடுக்குமாடி வீடு கிடைக்க ஏற்பாடு செய்கிறோம் என்று பில்டரின் ஆள் வாயால் சொல்லிவிட்டுப் போனான். கங்கையம்மாள் நோட்டீசைக் கையில் பிடித்துக்கொண்டு லைனுக்கு நடுவில் நின்றாள்.

"எட்டாவது மாடியாமே! என் மாட்ட இன்னா லிஃப்டுலயா ஏத்துவேன்? நம்பரு அமுக்கத் தெரியுமா அதுக்கு?"

சிரித்தவர்கள் உடனே வாயை மூடிக்கொண்டார்கள்.

ஜெயசீலி அப்போதுதான் வேலை முடிந்து வந்திருந்தாள். முழங்கை வரை சிமெண்ட் காய்ந்திருந்தது. அவளுக்கு ஐம்பது வயது. பதினைந்து வருடம் சித்தாளாகக் கல் சுமந்து, பிறகு கரண்டி பிடித்துக் கொத்தனார் ஆனவள். புருஷன் செத்து ஏழு வருடம். மகள் அபிகாயில் கிண்டியில் ஒரு ஆபீசில் வேலை பார்த்தாள். ஜெயசீலி நோட்டீசை வாங்கி மகளிடம் கொடுத்தாள்.

"இன்னா எழுதிக்கீது, படி."

அபிகாயில் இரண்டு முறை படித்தாள். "நாம இருக்கறது ஆக்கிரமிப்பாம் மா. எய்ட்டி ஃபோர்ல கட்டினதாம்."

அங்கேதான் வழக்கு ஆரம்பித்தது.

குரோம்பேட்டை தாண்டித் தாம்பரம் போகும்போது, ஜிஎஸ்டி ரோட்டை விட்டு உள்ளே வந்தால் ஒரு பெரிய பழைய கட்டடம் கூரை இல்லாமல் நிற்கும். பட்டாளத்தை விட்டு வந்த பிளேக்லி என்ற வெள்ளைக்காரன் 1868இல் கட்டியது. முன்கட்டில் சிப்பாய்கள் குடிக்கிற கூடம். பின்கட்டில் பியர் காய்ச்சுகிற பட்டறை. பல்லாவரத்திலும் பரங்கிமலையிலும் இருந்த வெள்ளைச் சிப்பாய்களுக்கு வெயில் ஒரு எதிரி, தாகம் இன்னொரு எதிரி. இரண்டாவதை பிளேக்லி பார்த்துக்கொண்டான்.

இந்த ஊர் வெயிலில் பியர் மூன்றே நாளில் புளித்துப்போகும். அதனால் தரைக்கு அடியில் கிடங்கு வெட்டினார்கள். கிடங்கின் சுவர் முழுக்க ஈரச் சாக்கு தொங்கவிட்டார்கள். அந்தச் சாக்கு ஒரு மணி நேரம் காய்ந்தாலும் பீப்பாய் பீப்பாயாகக் கெட்டுவிடும். சாக்கு நனைக்கவே பன்னிரண்டு ஆள் வைத்தான். கூப்பிட்ட குரலுக்கு அவர்கள் ஓடிவர வேண்டும். அதற்காகப் பட்டறையின் பின்சுவரை ஒட்டியே அவர்களுக்கு ஒரு லைன் வீடு கட்டிக் கொடுத்தான். இரக்கத்தினால் இல்லை. தூரத்தில் வைத்தால் பியர் புளிக்கும், அவ்வளவுதான். அந்தப் பன்னிரண்டு பேரில் ஒருவன் ஜெயசீலியின் புருஷனுக்குக் கொள்ளுத்தாத்தன். கங்கையம்மாளின் மாமனார் வழியில் இன்னொருவன்.

1948இல் மதுவிலக்கு வந்தது. பிளேக்லியின் பேரன் கொப்பரையை அணைத்துவிட்டு, இடத்தை ஒரு தோல் வியாபாரிக்கு விற்க ஏற்பாடு செய்தான். கப்பலேறப் போனவனை லைன்காரர்கள் கேட்டை மறித்து மூன்று நாள் உட்கார வைத்தார்கள். நான்காம் நாள் அவன் கிரயப் பத்திரத்தில் ஒரு வரி சேர்த்தான்: பட்டறையின் பின்சுவரை ஒட்டிய தொழிலாளர் லைன் நிற்கும் வரை, அதில் குடியிருப்பவர்களும் அவர்கள் வாரிசுகளும் இருந்துகொள்ளலாம். இடத்தை யார் வாங்கினாலும் இது கட்டுப்படுத்தும்.

தோல் வியாபாரி அதில் தோல் அடுக்கினான். அவன் பிள்ளைகள் பூட்டிப்போட்டார்கள். பேரன்கள் மூன்று வருடத்துக்கு முன் பில்டருக்கு விற்றார்கள். பில்டர் வந்ததும் முதல் வேலையாக லைனிலிருந்து ரோட்டுக்குப் போகிற வழியை மறித்துத் தகரம் அடித்தான். அன்றிலிருந்து ஒன்பது வீட்டுக்காரர்களும் தண்டவாளத்து ஓரமாகச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

பத்திரத்தின் அந்த வரியை பில்டர் மறுக்கவில்லை. கோர்ட்டில் அவன் சொன்னது வேறு. அந்த லைன் எப்போதோ இடிந்து போய்விட்டது. இப்போது நிற்பது எபெனேசர் நகர். 1984இல் இவர்களே புதிதாகக் கட்டியது. இதோ இவர்கள் கையெழுத்து.

கையெழுத்து உண்மைதான். கேவலமும் அதில்தான் இருந்தது.

ஜெயசீலியின் மாமனார் ஞானையா சர்ச்சில் உபதேசியார். மது தொட மாட்டேன் என்று ஊரையே சத்தியம் பண்ண வைத்தவர். அவர் வீட்டு விலாசமோ பீர் கம்பெனி லைன். கார்டு எழுதினால் பீர் கம்பெனி லைன். பிள்ளைக்குப் பெண் கேட்டுப் போனால், "எந்த லைனு?" என்று கேட்டு எதிரில் இருப்பவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். மனுஷன் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார். 1984இல் ஒன்பது வீட்டையும் கூட்டினார். சுண்ணாம்புப் பூச்சைக் கொத்திவிட்டுச் சிமெண்ட் பூசி, நீல வண்ணம் அடித்து, எபெனேசர் நகர் என்று போர்டு வைத்தார். இந்து வீடுகளும் சரி என்றன. அவர்களுக்கும் பெண் எடுக்க வேண்டியிருந்தது. கையோடு கரண்ட்டுக்கு மனு போட்டார்கள். பழைய வீட்டுக்கு லைட்டு தர யோசிப்பார்கள் என்று எவனோ ஒரு புரோக்கர் சொன்னதைக் கேட்டு, 'புதிதாகக் கட்டப்பட்ட வீடுகள்' என்று எழுதி எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள்.

"நானும் கைநாட்டு வச்சேன்டி," என்றாள் கங்கையம்மாள். "உங்க மாமனாரு வெள்ளச் சட்ட போட்டுகினு வந்து சொன்னா நம்பாம இன்னா பண்றது? பீருன்னு சொல்ல வெக்கப்பட்டோம். இப்ப நாங்க பீர் கம்பெனி ஆளுங்கதான்னு கோர்ட்டுல நின்னு கத்தறோம். கேக்க நாதி இல்ல."

லைன்காரர்களின் வக்கீல் ஆதாரம் கேட்டார். வரி ரசீது எல்லாம் 1985க்குப் பிறகு. போட்டோ ஒன்றும் இல்லை. அபிகாயில் நான்கு சனிக்கிழமை அலைந்து ஒரு பழைய வரைபடம் கொண்டுவந்தாள். அதில் பட்டறைக்குப் பின்னால் ஒரு கோடு இருந்தது. அந்தக் கோடு இந்த லைன்தான் என்று எப்படிச் சொல்கிறீர்கள் என்று எதிர்த்தரப்பு கேட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து ஜெயசீலி தன் வீட்டுக் குளியலறையில் விரிசல் அடைத்துக்கொண்டிருந்தாள். குளியலறை அவள் புருஷன் சேர்த்துக் கட்டியது. பழைய சுவரும் புதுச் சுவரும் சேருகிற இடத்தில் மேலிருந்து கீழே நூல் பிடித்தது போல விரிசல். வருடா வருடம் அடைப்பாள், வருடா வருடம் திறக்கும். இந்தப் பக்கம் ரயில், அந்தப் பக்கம் லாரி. எந்த ஒட்டுச் சுவரும் இந்த அதிர்ச்சியைத் தாங்காது. ஒன்பது வீட்டுக் குளியலறையிலும் இதே கதைதான்.

கலவைக் கரண்டியோடு அப்படியே எழுந்து உள் அறைக்குப் போனாள். அறையின் குறுக்குச் சுவர் பட்டறையின் பின்சுவரில் போய்ச் சேருகிற மூலையைப் பார்த்தாள். விரலால் தடவினாள். அங்கே ஒரு முடி நுழைகிற அளவுக்குக்கூட விரிசல் இல்லை. முப்பது வருடமாக அந்த மூலையில்தான் பாய் சுருட்டி வைக்கிறாள். ஒரு நாளும் இதை யோசித்ததில்லை.

"அபி! இங்க வா."

"என்னம்மா?"

"இந்த மூலைல ஏன் வெடிப்பு இல்ல?"

"நல்லா கட்டியிருப்பாங்க."

"எவன் கட்டுனாலும் பழைய சுவத்துல புதுச் சுவர் ஒட்டுனா வெடிக்கும். இது வெடிக்கல. அப்போ இது ஒட்டுனது இல்ல. ரெண்டு சுவரும் ஒண்ணா எழும்பிக்கீது. ஒரு வரி விட்டு ஒரு வரி இதோட கல்லு அதுக்குள்ள போயிருக்கும், பல்லு கோத்தா மாதிரி. பட்டறை கட்டுன அன்னிக்கே இந்த வூட்டையும் கட்டிக்கீறான்."

அபிகாயில் உட்கார்ந்துவிட்டாள். "அப்போ உடைச்சுப் பாத்துடலாமே!"

"நாம உடைச்சா நாமளே ஜோடிச்சோம்னு சொல்லுவான். கோர்ட்டு ஆளு முன்னாடி உடைக்கணும்."

"ப்ராபபிலிட்டி எவ்ளோ மா? ஷ்யூரா இருக்குமா?"

"சிமெண்ட்டுக்குப் பின்னாடி இன்னா கீதுன்னு கர்த்தருக்குத்தான் தெரியும்."

"இல்லன்னா?"

"இல்லன்னா ஒம்போது வூடும் காலி. என் கையாலயே."

இதை லைனில் சொன்னபோது சண்டை வந்தது. வேண்டாம், பெரும்பாக்கமாவது மிஞ்சட்டும் என்றார்கள் நாலு வீட்டுக்காரர்கள். கங்கையம்மாள்தான் அவர்கள் வாயை அடைத்தாள். "இவ சுவர் கட்டித்தான் சோறு துன்றா. உங்கள்ல எவனுக்குன்னா சுவத்த பத்தித் தெரியுமா? தெரிஞ்சவன் பேசு."

அந்த மூலையைக் கொத்திப் பார்க்க வேண்டும் என்று வக்கீல் மனு போட்டார். நேரில் பார்த்து அறிக்கை கொடுக்க கோர்ட்டு ஒரு கமிஷனரை நியமித்தது. சாவித்ரி என்ற வக்கீலம்மா, நாற்பது வயதிருக்கும், கண்ணாடி, கையில் ஒரு பேடு. போட்டோகிராபரோடு ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் வந்தார். பில்டர் தரப்பில் ப்ராஜெக்ட் மேனேஜர் கஸ்தூரிரங்கன் வந்தார். தன் பக்கம் கட்டட விஷயம் சொல்ல மேஸ்திரி துளசிங்கத்தையும் கூட்டிவந்திருந்தார்.

துளசிங்கத்தை ஜெயசீலிக்கு நன்றாகத் தெரியும். எட்டு வருடம் அவன் கீழே சித்தாளாக இருந்தவள். தொழில் தெரிந்தவன். வாயும் உண்டு.

"இன்னா ஜெயசீலி, சுவத்த கட்டுவேன்னு பாத்தா இடிக்கக் கிளம்பிட்டியா?"

"உனக்குக் காட்டத்தான் இடிக்கிறேன் துளசிங்கண்ணே. ஒழுங்கா பாரு."

அறைக்குள் ஏழு பேர் நிற்க இடமில்லை. லைன் முழுக்க வாசலிலும் ஜன்னலிலும் தொங்கியது. ஜெயசீலி இடுப்பில் சேலையைச் சொருகிக்கொண்டு மூலையில் குத்துக்காலிட்டாள். முழங்கால் உயரத்தில் உளியை வைத்தாள். நாலு அடியில் சிமெண்ட் பெயர்ந்து விழுந்தது.

உள்ளே இருந்தது சேம்பர் செங்கல். இந்தக் காலத்துக் கல். சிமெண்ட் கலவை.

ஜெயசீலியின் கை உளியோடு அப்படியே நின்றது.

கஸ்தூரிரங்கன் மெதுவாகச் சொன்னார்: "மேடம், நோட் பண்ணிக்கோங்க. மாடர்ன் பிரிக். சிமெண்ட் மார்ட்டர். போட்டோ எடுங்க சார்."

போட்டோகிராபர் எடுத்தார். வாசலில் யாரோ அழ ஆரம்பித்தார்கள். "ஐயோ, பெரும்பாக்கமும் போச்சே," என்றது ஒரு ஆண் குரல்.

ஜெயசீலி குனிந்து அந்தக் கல்லைப் பார்த்தாள். தரையைத் தடவினாள். ஓதம் இன்னும் இருந்தது. விரலில் உப்பு ஒட்டியது. தரையோரம் பழைய கல் ஓதம் ஏறி அரித்துப்போனால் எந்தக் கொத்தனாரும் இதைத்தான் செய்வான். கெட்ட கல்லை உருவிவிட்டுப் புதுக்கல் வைத்துப் பூசிவிடுவான். அவளே நூறு வீட்டில் செய்திருக்கிறாள்.

"மேடம், கீழ ரெண்டடி ஓதம் அடிச்ச இடம். ஒட்டுப் போட்டுக்கீறாங்க. நான் மேல கொத்துறேன்."

"அப்ஜெக்ஷன்," என்றார் கஸ்தூரிரங்கன். "ஒரு இடம்தான் ஓப்பன் பண்ணணும். பண்ணியாச்சு. கிடைக்கிற வரைக்கும் வீடு பூரா உடைப்பாங்களா?"

சாவித்ரி பேடைப் புரட்டினார். உத்தரவை முழுதாகப் படித்தார். அவசரமே படவில்லை. "'பின்சுவரும் குறுக்குச் சுவரும் சேரும் மூலை'ன்னு போட்டிருக்கு சார். மூலைன்னா தரையிலிருந்து கூரை வரைக்கும் மூலைதான்." ஜெயசீலியைப் பார்த்தார். "நீங்க கொத்துங்கம்மா."

ஜெயசீலி முக்காலியை இழுத்துப் போட்டு ஏறினாள். தோள் உயரத்தில் உளியை வைத்தாள். இங்கே சிமெண்ட் பிடிவாதமாக இருந்தது. மாமனார் காசுக்கு வஞ்சனை பண்ணாமல் பூசியிருந்தார். அவள் கை சலிக்கவில்லை. சிமெண்ட் பெயர்ந்தது. பின்னால் வெள்ளையாக ஒன்று தெரிந்தது. சுண்ணாம்பு. சுண்ணாம்புக்கு அடியில் கல். மெல்லிசான கல், ஒன்றரை விரல்கடை தடிமன். எந்தச் சூளையிலும் இன்று இந்தக் கல் சுடுவதில்லை.

அவள் மூச்சு விடாமல் மூலையை முழுக்கத் திறந்தாள். இரண்டடி நீளத்துக்கு. ஒரு வரிக் கல் பின்சுவருக்குள் போயிற்று. அடுத்த வரி நின்றது. அதற்கடுத்தது போயிற்று. விரல்களை விரல்களுக்குள் கோத்தது போல.

"மேடம், பாருங்க."

சாவித்ரி அருகில் வந்து பார்த்தார். அளவு எடுத்தார். போட்டோகிராபரிடம் மூன்று கோணத்தில் எடுக்கச் சொன்னார். கஸ்தூரிரங்கன் துளசிங்கத்தின் காதில் ஏதோ சொன்னார். துளசிங்கம் தொண்டையைச் செருமினான்.

"மேடம், இது... சுவத்துல பல்லு மாதிரி சந்து வுட்டுட்டுப் பின்னாடி எப்பனா சேத்திருக்கலாம். அப்படியும் கட்டுவாங்க."

"அது உண்மையா?" என்று சாவித்ரி ஜெயசீலியைக் கேட்டார்.

"உண்மைதான் மேடம். கட்டுவாங்க. ஆனா அப்படிக் கட்டுனா கல்ல பல்லு சந்துக்குள்ள முன்னாடியிருந்து தள்ளணும். தள்ளுறப்ப மேல வச்ச கலவை வழிஞ்சிடும். கல்லுக்கு மேல பொந்து இருக்கும். எவ்ளோ பெரிய மேஸ்திரி கட்டுனாலும் இருக்கும். ஒண்ணா கட்டுன சுவத்துல பொந்து இருக்காது, கல்லு மேல கலவை போட்டு அதுமேல அடுத்த கல்ல அமுக்கியிருப்பான்." அவள் திரும்பினாள். "நான் சொல்றது கரீட்டா துளசிங்கண்ணே?"

துளசிங்கம் கஸ்தூரிரங்கனைப் பார்க்கவில்லை. "கரீட்டுதான்."

"அப்போ ஒரு கல்ல உருவிப் பாப்போம். எந்தக் கல்லுன்னு நீயே சொல்லு. நான் சொல்லி அப்பால பேஜாரு வேணாம்."

துளசிங்கம் முக்காலிக்கு அருகில் வந்தான். கட்டைவிரலால் கற்களைத் தட்டித் தட்டிப் பார்த்தான். எங்காவது டொக்கு என்று சத்தம் கேட்கிறதா என்று தேடினான். கேட்கவில்லை. அவன் முகம் மாறியது. கடைசியில் ஒரு கல்லைக் காட்டினான்.

ஜெயசீலி அரை மணி நேரம் எடுத்துக்கொண்டாள். சுற்றிலும் மெல்லிய உளியால் சுண்ணாம்பைச் சுரண்டினாள். நூற்றைம்பது வருடத்துச் சுண்ணாம்பு கல்லைவிடக் கெட்டியாக இருந்தது. வியர்வை கண்ணில் வழிந்தது. அபிகாயில் துடைத்துவிட்டாள். கல் அசைந்தது. ஜெயசீலி இரண்டு கையாலும் பிடித்து, குழந்தையை இறக்குவது போல இறக்கினாள்.

கல்லின் மேல்பக்கம் முழுக்கச் சுண்ணாம்பு ஒட்டியிருந்தது. ஒரு மூலைகூட வெறுமையில்லை. சாவித்ரி டார்ச் அடித்துக் குழிக்குள் விரல் விட்டுப் பார்த்தார். மேலே இருந்த கல்லின் அடிப்பக்கமும் அப்படியே.

"மேஸ்திரி, நீங்களே சொல்லுங்க. பொந்து இருக்கா?"

கஸ்தூரிரங்கன், "துளசிங்கம், யோசிச்சு..." என்று ஆரம்பித்தார்.

துளசிங்கம் கையை உதறினான். "சார், பொய் சொல்லணும்னா வேற விஷயத்துல சொல்றேன். சுவத்த பத்தி எனக்குப் பொய் சொல்ல வராது. மேடம், எழுதிக்கோங்க. பொந்து இல்ல. ரெண்டு சுவரும் ஒரே நாள்ல ஒரே கையில எழும்புனது. பட்டறைக்கு இன்னா வயசோ அதான் இந்த வூட்டுக்கும் வயசு."

சாவித்ரி எழுதினார். ஜன்னலில் தொங்கியவர்கள் மூச்சு விட்ட சத்தம் அறைக்குள் கேட்டது.

"ஏண்டா நாலு வூட்டுக்காரனுங்களா," என்று வெளியே கங்கையம்மாள் ஆரம்பித்தாள், "பெரும்பாக்கமாவது மிஞ்சட்டும்னு சொன்ன வாய எங்க வச்சுகினு கீறீங்க இப்ப?"

தீர்ப்பு மூன்று மாதம் கழித்து வந்தது. ஜெயசீலி ராஜகீழ்ப்பாக்கத்தில் இரண்டாவது மாடியில் சாரத்தின் மேல் நின்று சுவர் எழுப்பிக்கொண்டிருந்தாள். அபிகாயில் கோர்ட்டிலிருந்தே போன் செய்தாள். குரல் விட்டுவிட்டு வந்தது.

"மா, ஜட்ஜ் சொல்லிட்டாரு. இது அதே லைன்தானாம். கையெழுத்துல புதுசுன்னு எழுதினதால சுவரோட வயசு மாறிடாதுன்னு சொன்னாரு மா. நம்மள யாரும் கிளப்ப முடியாது. தகரத்த பதினஞ்சு நாள்ல எடுக்கணும்."

"இன்னொரு தபா சொல்லு."

"கிளப்ப முடியாது மா!"

ஜெயசீலி போனை இடுப்பில் சொருகினாள். கையில் இருந்த கலவை காய்வதற்குள் அந்த வரியை முடித்தாள். மட்டம் பார்த்தாள். பிறகு சாரத்தின் மேலிருந்தே, கீழே கலவை கலக்குகிறவர்கள் நிமிர்ந்து பார்க்கும்படி, ஓங்கி ஒரு குரல் கொடுத்தாள். அதில் வார்த்தை எதுவும் இல்லை.

தகரம் பிரிக்க பில்டர் கடைசி நாள் வரைக்கும் இழுத்தடித்தான். பதினைந்தாவது நாள் காலையில் துளசிங்கம்தான் ஆள் கூட்டிக்கொண்டு வந்தான். லைனில் நாலு அடுப்பு மூட்டியிருந்தார்கள். பிரியாணி வாசனை ரயிலடி வரைக்கும் போயிற்று. சர்ச்சிலிருந்து டிரம் வந்திருந்தது, கங்கையம்மன் கோயிலிலிருந்து பம்பை வந்திருந்தது. இரண்டும் ஒத்துப்போகவே இல்லை. யாரும் கவலைப்படவில்லை.

"உன்னால எனக்கு வேல போயிருக்கும் தெரியுமா?" என்றான் துளசிங்கம் போல்ட்டைக் கழற்றிக்கொண்டே. "வேற மேஸ்திரி கிடைக்கல அவனுங்களுக்கு. அதான் தப்பிச்சேன்."

"துன்னுட்டுப் போண்ணே."

"துன்னாம வுடுவனா?"

கடைசித் தகரம் விழுந்தபோது ஒன்பது வீடும் ஒன்றாகக் கிளம்பியது. மூன்று வருடத்துக்குப் பிறகு நேர்வழி. தாளத்தோடு ஆடிக்கொண்டு, கூரையில்லாத அந்தப் பழைய கட்டடத்தை இடது பக்கம் விட்டு, ரோட்டை நோக்கிப் போனார்கள். எதிரே கஸ்தூரிரங்கனின் கார் உள்ளே திரும்பியது. வழி குறுகல். டிரைவர் ஹாரன் அடித்தான். கஸ்தூரிரங்கன் கண்ணாடியை இறக்கினார்.

"கொஞ்சம் ஒதுங்குனா போயிடுவேன்மா. பத்து மணிக்கு மீட்டிங்."

கூட்டத்தின் முன்னால் நடந்த ஜெயசீலி காருக்கு முன் நின்றாள். கோபமாக இல்லை. சிரித்துக்கொண்டுதான் நின்றாள்.

"பின்னால எடுங்க சார். நாங்க போயிக்கிறோம், அப்பால நீங்க வரலாம்."

கார் பின்னால் போயிற்று. மெயின் ரோடு வரைக்கும் போயிற்று.